ஆறு சீசா மருந்து

குற்றாலம்
19-6-1960

குடிக்கவில்லை அத்தான். ருசி பார்த்தேன். இரண்டும் ஒன்றா என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். நேற்று மத்தியானத்திலிருந்து நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

யாக்கூப் புதன்கிழமை வந்தார். நீங்கள் எழுதியிருந்தபடியே இருந்தார். கடையநல்லூர்க்காரர், தேயிலைக் கப்பலில் சமையல், கொழும்பில் கப்பல் நிற்கும் இரண்டு வாரத்துக்கு வீட்டுக்கு வந்து போகிறவர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நின்றபடியே பேசினார். தகரப்பெட்டியைத் திறந்து, மடித்த சட்டைகளுக்கு நடுவிலிருந்து ஆறு சீசாக்களையும் ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

"மருந்து பத்திரம் டீச்சரம்மா. வெயில் படக் கூடாதுன்னு ஸார் சொன்னாஹ. ஒடம்பு இப்பம் தேவலையா?"

தேவலை என்றேன். மாமா உள்ளே பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசுகிறார் இந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

பழம் பதப்படுத்தும் படிப்பு என்று சொல்லித்தான் சர்க்கார் உங்களை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. அங்கே பழம் என்றால் திராட்சை, பதப்படுத்துவது என்றால் ஒயின் என்று பிப்ரவரியில் எழுதினீர்கள். அந்தப் பத்தியை மட்டும் மாமாவுக்கு வாசிக்கவில்லை. மதுவிலக்குக் கமிட்டியில் இருக்கிறவர். பிறகு மே மாதம் காய்ச்சல் வந்து உங்களுக்கு மணம் தெரியாமல் போயிற்று. ஆறு பீப்பாயும் ருசித்து, வைத்திருந்து முதிர வைக்கத் தகுந்தது எது என்று ஒன்றைத் தேர்ந்து காரணம் எழுத வேண்டும், தவறினால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றீர்கள். ஆகவே உங்கள் மூக்குக்குப் பதிலாக என் மூக்கு. கல்யாணமாகி நாற்பதாம் நாள் கப்பலேறியவர் மனைவியிடம் கேட்ட முதல் உதவி இது.

சனிக்கிழமை மாமா சீசன்காரர்களுக்கு அறை காட்டப் போயிருந்தார். அடுக்களைக் கதவைச் சாத்தினேன். எவர்சில்வர் டம்ளரில் ஒரு கரண்டி ஊற்றி, அண்ணாந்து வாயில் விட்டேன். புளிப்பு. கயர்ப்பு. அடுத்த சீசா. புளிப்பு, கயர்ப்பு. ஆறும் அதேதான். உங்களுக்கு மூக்கு போனதுபோல எனக்கு நாக்கு போய்விட்டதா என்று பயம் வந்தது.

அப்புறம்தான் உறைத்தது. அண்ணாந்து குடிக்கும்போது டம்ளர் மூக்குக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. மூக்குக்கு அங்கே வேலையே இல்லை.

டம்ளரை உதட்டில் வைத்தேன்.

இருபத்துமூன்று வயதில் முதல் தடவை. சட்டத்தை மீறியது தப்பாகப் படவில்லை. எச்சில் பண்ணியது பட்டது.

முதல் சீசா நாவல்பழம். நன்றாகப் பழுத்தது, தின்றபின் நாக்கில் தோல் உரிந்ததுபோல ஆகுமே, அது. அவ்வளவுதான், அதற்குமேல் பேச்சில்லை. இரண்டாவது, வெல்லப்பாகு அடுப்பில் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டது. வெயிலை அதிகம் தின்ற பழம். மூன்றாவதைக் கொட்டிவிடச் சொல்லுங்கள். புளித்துக் கெட்டதன் நெடி, எத்தில் அசிடேட். பத்தாம் வகுப்புக்கு வருஷா வருஷம் செய்து காட்டுகிறேன், எனக்குத் தெரியாதா? ஐந்தாவது வெறும் பலகை. தச்சன் பட்டறை வாசலில் நின்றதுபோல் இருந்தது. ஆறாவது, நாவல்பழம் கழுவிய தண்ணீர்.

நான்காவதை மூன்று முறை முகர்ந்தேன். மிளகு. கடையில் வாங்கும் மிளகு இல்லை. செங்கோட்டைக்கு மேலே கொடியிலிருந்து பச்சையாகக் கிள்ளி நகத்தால் நசுக்கினால் வருவது. அதன்பின் நாவல்பழம், நிதானமாக. எல்லாம் போனபிறகு, சாரலின் முதல் நாளில் பாறை விடும் மணம். விழுங்கி வெகுநேரம் ஆகியும் அது போகவில்லை. ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் இதைத்தான் எடுப்பேன். இப்போது கடுமையாக இருக்கிறது. ஆனால் உள்ளே இன்னும் ஆள் இருக்கிறார்.

"ஏம்மா குழலு, கதவு ஏன் அடச்சிருக்கு? கொரங்கா?" மாமா.

"ஆமா மாமா. கொரங்கு."

பன்னிரண்டு கரண்டியும் விழுங்கிவிட்டேன். வேறென்ன செய்ய? காது மடல் சுட்டது. பாகற்காய் நறுக்கினேன். பாகற்காயைப் பார்த்தால் சிரிப்பு வந்தது.

இதற்குக் கார்பன் நகல் வைத்துக்கொள்கிறேன். சோதனை செய்தால் குறிப்பு இருக்க வேண்டும் என்பது ஆய்வகப் பழக்கம்.

குழல்வாய்மொழி

*

அடிலெய்டு
1-7-1960

குழல்,

துப்ப வேண்டும். அதை எழுத மறந்துவிட்டேன். இங்கே யாரும் விழுங்குவதில்லை. வெள்ளை ஓடு பதித்த அறை. நடுவில் மரத்தூள் போட்ட வாளி. பன்னிரண்டு பேர் முகர்ந்து, வாயில் உருட்டி, அந்த ஒரே வாளியில் துப்புகிறோம். முதல் நாள் வெளியே ஓடி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊரில் சாப்பாட்டுக்கு நடுவே யாராவது துப்பினால் எழுந்துவிடுவோம். இங்கே அதுதான் பாடம்.

நானும் முதல் வகுப்பில் அண்ணாந்துதான் விட்டுக்கொண்டேன். சட்டையெல்லாம் சிவப்பு. எல்லோரும் சிரித்தார்கள். மூக்கை எந்தத் துறைமுகத்தில் இறக்கிவிட்டு வந்தாய் என்று பேராசிரியர் கேட்டார். இதை உனக்கு ஏன் எழுதாமல் விட்டேன்? தெரியவில்லை. வெட்கமாக இருக்கலாம்.

நீயோ யாரும் சொல்லாமல் கண்டுபிடித்துவிட்டாய்.

உன் வரிகளை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். மிளகு. பாறை. உள்ளே இன்னும் ஆள் இருக்கிறார். நாவல்பழத்துக்கு வார்த்தை கிடைக்கவில்லை. 'நாவல்' என்றே எழுதினேன். என்ன அது என்று கேட்டார்கள். வாயை ஊதாவாக்கும் பழம், எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்து வாசலில் உப்புப் போட்டு விற்பார்கள் என்றேன். பேராசிரியர் நான்காம் பீப்பாயிடம் போனார். முகர்ந்தார். வகுப்பில் மற்ற எல்லோரும் ஐந்தாவதைத் தேர்ந்திருந்தார்கள். பலகையை!

என் தாளை அவர் உரக்க வாசித்தார். என் பெயரைத் தப்பில்லாமல் சொன்னார், முதல் முறையாக.

அக்டோபரில் இன்னொரு தேர்வு. கலவை. எதனோடு எது எவ்வளவு சேர்ந்தால் சரிவரும் என்று சொல்ல வேண்டும். ஆறும் ஷிராஸ் என்ற திராட்சை, எல்லாம் இந்த வருஷத்துப் பழம். ஷிராஸ் என்பது பாரசீகத்தில் ஒரு ஊர் என்கிறார்கள். அந்த ஊரில் இப்போது யாரும் குடிப்பார்களோ என்னவோ.

யாக்கூபின் கப்பல் ஆகஸ்டு முதல் வாரம் இங்கிருந்து கிளம்புகிறது. அனுப்பட்டுமா?

சிவசைலம்

*

குற்றாலம்
14-7-1960

வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சீசனுக்கு வந்த இரண்டு பேரை, மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்து ஆரியங்காவிலிருந்து திரும்பும்போது பிடித்துவிட்டார்கள். கார் இருக்கைக்கு அடியில் நாலு பாட்டில். தென்காசி பஸ் ஸ்டாண்டு வழியாக விலங்கு போட்டு நடத்திக்கொண்டு போனார்கள். நான் பஸ்ஸில் இருந்தேன். ஒருவர் முகத்தைத் துண்டால் மூடியிருந்தார். இன்னொருவருக்குத் துண்டு இல்லை.

மாமாவுக்கு அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது. "நல்லா வேணும். இவனுவள ரெண்டு வருசம் உள்ள வச்சாத்தான் புத்தி வரும். குளிக்க வந்த எடத்துல கும்மாளம் என்னலே?" யாரையோ பார்த்து லே போட்டார். எதிரே நான்தான் இருந்தேன்.

மற்றவற்றைக் கொட்டிவிட்டேன். நான்காம் சீசாவில் பாதி மிச்சம் இருக்கிறது. என் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்குக் கீழே.

பிடிபடுவதைப் பற்றி மட்டும் இல்லை. வேறொன்றும் இருக்கிறது. யாக்கூப் மருந்து என்று சொன்னது. என்னிடம் சொன்ன விதம் மாமா காதுக்காக என்று நினைத்தேன். ஆனால் அவர் போகும்போது வாசலில் யாரும் இல்லை. அப்போதும் திரும்பி நின்று, "வேளை தவறாம சாப்பிடுங்க டீச்சரம்மா" என்றார். அது ஒரு மாதிரி இருந்தது.

அவருக்குத் தெரியுமா? தான் எதைக் கொண்டுவருகிறோம் என்று தெரிந்துதான் கொண்டுவருகிறாரா? அவர் அஞ்சு வேளை தொழுகிறவர். நெற்றியில் தழும்பு இருக்கிறது. இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

தெரியும் என்றால் அனுப்புங்கள்.

ஏன் இப்படி எழுதுகிறேன் என்று எனக்கே புரியவில்லை. ஒரு மாதமாக எல்லாவற்றையும் முகர்கிறேன். சாக்பீஸ் டப்பா. பஸ்ஸின் ஈர இருக்கை. மங்குஸ்தான் தோல். ஐந்தருவியில் மேல்படியில் ஒரு மணம், கீழே வேறொரு மணம். இத்தனையும் இத்தனை நாள் இங்கேதான் இருந்ததா? யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. நீங்கள் கேட்டீர்கள்.

குழல்வாய்மொழி

*

அடிலெய்டு
25-7-1960

குழல்,

தெரியும். யாக்கூபிடம் எல்லாம் சொல்லித்தான் கொடுத்தேன். உலகம் பார்த்த மனிதர், கவலைப்படாதே.

ஆறு சீசா, முன்போலவே என் கையெழுத்தில் எண் ஒட்டியிருக்கும். புது ரசம், புளிப்பது இன்னும் முழுக்க அடங்கவில்லை. அதனால் தக்கைமேல் மெழுகைக் கனமாகவே வைத்திருக்கிறேன். இந்த முறை துப்பு.

இங்கே குளிர். இலையில்லாத கொடிகள் வரிசை வரிசையாக. நீ எழுதிய வரிகளை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

சிவசைலம்

*

குற்றாலம்
31-8-1960

யாக்கூப் தென்காசி சப்-ஜெயிலில் இருக்கிறார்.

இன்று ஜைனப் வந்திருந்தாள். யாக்கூபின் மனைவி. எனக்கு அவளைத் தெரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிக்கே வந்துவிட்டாளாம். மாமா இரண்டு முறை என்ன வேணும் என்று கேட்டும் டீச்சரம்மாவிடம்தான் சொல்லுவேன் என்றாளாம்.

நடந்தது இது. வெள்ளிக்கிழமை காலை யாக்கூப் தென்காசி ஸ்டேஷனில் இறங்கினார். கொழும்பிலிருந்து ரயில், பிறகு தனுஷ்கோடி வரை கப்பல், அங்கிருந்து இரண்டு ரயில், மூன்று நாள் வெயில். பிளாட்பாரத்தில் நடக்கும்போது தகரப்பெட்டிக்குள் பட் என்று ஒரு சத்தம். தக்கை பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அடங்காத ரசத்தை மெழுகு வைத்து அடைத்தால் சூட்டில் என்ன ஆகும் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். நீங்கள் எழுதியிருந்தீர்கள், நான் வாசித்தேன், இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பெட்டி இடுக்கு வழியாகச் சிவப்பாகச் சொட்டியது. மதுவிலக்குக் கான்ஸ்டபிள் கேட்பக்கம் நின்றிருந்தார்.

"ஏலே, என்னலே இது, ரத்தமா?"

"இல்ல ஸார். மருந்து. டீச்சரம்மாவுக்கு."

திறந்தார்கள். முகர்ந்தார்கள். மருந்து என்று இவர் சொல்லச் சொல்ல அவர்கள் சிரித்திருக்கிறார்கள். "கப்பல்காரன் மருந்துலே. எங்களுக்கும் காய்ச்சல்தான், ஆளுக்கு ஒரு முழுங்கு ஊத்து."

இதற்குமேல் ஜைனப் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை.

"போலீசு நம்ப மாட்டேன்னுட்டாஹ டீச்சரம்மா. மருந்துதான்னு காட்ட, எங்க வீட்டுக்காரவுஹளே இன்னொரு சீசாவ ஒடச்சு ஒரு வாய் குடிச்சிருக்காஹ, எல்லாரும் பாக்க. பிஸ்மி சொல்லிக் குடிச்சேன், கசந்துச்சு, மருந்துதான்னு சொல்லுதாஹ. இப்பம் வாயில வாடை இருந்துச்சுன்னு குடிச்ச கேஸும் சேத்து எழுதிட்டாஹ. கள்ளுக்கட இருந்த காலத்துலகூட அந்தத் தெருவுல நடக்காத மனுசன் டீச்சரம்மா. ஜெயில்ல போய்ப் பாத்தேன். போலீசுதான் பொய் சொல்லுது, ஸாரு படிச்சவுஹ, மருந்துன்னு என் கையப் புடிச்சுச் சொன்னாஹன்னு அதையேதான் சொல்லுதாஹ."

பிறகு அவள் சொன்னாள்: "கப்பல்ல அஞ்சு வேளையும் ஒங்களுக்காவ துஆ கேட்டாஹளாம். புள்ள இல்லாத வயசுல இப்பிடி ஒரு சீக்கான்னு."

எனக்கு என்ன சீக்கு அத்தான்?

பள்ளிவாசலில் யாரும் முகம் கொடுப்பதில்லையாம். ஜாமீனுக்கு ஒருவரும் வரவில்லை. கேஸ் செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி.

"டாக்டர் சீட்டு இருந்தாக் குடுங்க. ஜட்ஜு ஐயாகிட்ட காட்டணும். ஒத்த சொல்லு சொல்லிருங்க டீச்சரம்மா. அது மருந்துதானே?"

மாமா கதவுக்குப் பின்னால் நின்றார். அவர் நிழல் தெரிந்தது.

மருந்துதான் என்று சொன்னேன்.

சீட்டு தேடித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தண்ணீர் கேட்டாள். செம்பைக் கொடுத்தேன். அண்ணாந்து குடித்தாள், ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. செம்பில் தன் உதடு பட்டுவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம். என் வீட்டுச் செம்பைக் காப்பாற்றுகிறாள்.

எனக்கு ஒரு வரி வேண்டும். அவருக்குத் தெரியுமா, தெரியாதா?

குழல்வாய்மொழி

*

அடிலெய்டு
10-9-1960

குழல்,

தெரியாது.

மருந்து என்றுதான் சொன்னேன். இரண்டு முறையும். இங்கத்து டாக்டர் உனக்குக் கொடுத்தது என்றேன். அவர் உடனே கையை நீட்டினார். கூலி வேண்டாம் என்றார். என்ன சீக்கு என்றுகூடக் கேட்கவில்லை. வாங்கிக்கொண்ட பிறகுதான் கேட்டார். இரத்தம் குறைவு என்றேன்.

உன் ஜூலைக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது முதலில் உண்மையைத்தான் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்தேன். உண்மை என்றால் நீ வேண்டாம் என்பாய். நீ எழுதியே இருந்தாய்.

இன்னொன்றும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மணம் திரும்பிவிட்டது. இப்போது இல்லை. ஜூன் கடைசியில். உன் முதல் கடிதம் வந்த அன்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான்காம் பீப்பாய் முன்னால் நின்றேன். மிளகு என்று வாசித்தேன். மிளகு வந்தது. நாவல் என்று வாசித்தேன், வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆறு வாரத்துக்குப் பிறகு முதல் மணம்.

இரண்டாவது ஆறு சீசா எனக்குத் தேவையே இல்லை. நானே ருசித்திருக்கலாம். ருசித்தும் பார்த்தேன். மணம் தெரிந்தது. வார்த்தை வரவில்லை. எனக்கு வந்த வார்த்தைகள் எல்லாம் பக்கத்தில் நின்றவனுடையவை, புத்தகத்தில் உள்ளவை. உன்னுடையது வேண்டும் என்று இருந்தது. என் பெயரை இன்னொரு முறை அவர் தப்பில்லாமல் சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று கேட்காதே.

அவர் குடித்ததை என்னால் நினைக்க முடியவில்லை. ராத்திரி தூக்கம் இல்லை. அதனால் அவருக்கு என்ன லாபம் என்று நீ கேட்பாய்.

இப்போது செய்ய வேண்டியதை யோசிப்போம். முதல் குற்றம். மூன்று மாதம், அதிகம் போனால் ஆறு என்கிறார்கள். வெளியே வந்ததும் அவருக்கு வேண்டியதை நான் செய்கிறேன். நீ கோர்ட்டுப் பக்கம் போகாதே. போனால் உன் வேலை போகும். வைத்திருந்தாய், குடித்தாய், நீயும் உள்ளே போவாய். அப்பா தெருவில் நடக்க முடியாது. இங்கே என் தாள்கள் என்னுடையவை இல்லை என்று தெரிந்தால் மறுநாளே கப்பல். ஒருவர் இருக்கும் இடத்தில் மூன்று பேர் போய் நிற்பதில் என்ன நியாயம்?

இன்னும் ஒன்று. அவர் மருந்து என்று நம்பிக்கொண்டிருக்கிறார். அந்த நம்பிக்கையாவது அவருக்கு இருக்கட்டும். அதை நாம் ஏன் பிடுங்க வேண்டும்?

இதை வாசித்ததும் எரித்துவிடு.

சிவசைலம்

*

குற்றாலம்
21-9-1960

எரிக்கவில்லை.

கடிதம் நேற்று வந்தது. அருவிக்கரையில் வைத்து வாசித்தேன். சீசன் முடிந்துவிட்டது. தண்ணீர் நூலாக விழுகிறது. கடைக்காரர்கள் தட்டியைப் பிரிக்கிறார்கள். மூன்று முறை வாசித்தேன். முதல் தடவை ஒன்றுமே கேட்கவில்லை, காது அடைத்ததுபோல் இருந்தது. இரண்டாம் தடவை, மணம் ஜூனிலேயே திரும்பியது என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அப்படியானால் யாக்கூப் எதற்காக உள்ளே இருக்கிறார்? உங்கள் மூக்குக்காக இல்லை. படிப்புக்காகக்கூட இல்லை. என் நாலு வரிக்காக. அந்த நாலு வரியை எழுதும்போது நான் சந்தோஷமாக இருந்தேன்.

மூன்றாம் தடவை வாசித்தபோதுதான் தெரிந்தது, அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் 'தெரியும் என்றால் அனுப்புங்கள்' என்று எழுதினேன். தெரியாது என்று என் உடம்பு முழுக்கச் சொல்லிற்று. வாசலில் யாரும் இல்லாதபோதும் மருந்து என்று சொன்ன மனிதர். உங்களிடம் ஒரு பொய் கேட்டு வாங்கினேன். நீங்கள் கொடுத்தீர்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த நம்பிக்கையை ஏன் பிடுங்க வேண்டும்?

இதைத்தான் ராத்திரி முழுக்க யோசித்தேன். நான் பேசினால் அவர் வெளியே வருவார். ஆனால் இறைவன் பெயரால் பிஸ்மி சொல்லித் தான் எதைக் குடித்தோம் என்று தெரிந்து வருவார். பேசாவிட்டால் உள்ளே இருப்பார், மருந்து குடித்தவராக. எது இரக்கம்? விடியும்வரை எனக்குத் தெரியவில்லை.

காலையில் செம்பை எடுத்தேன். ஜைனப் குடித்த செம்பு. அப்போது தெரிந்தது. அவருக்கு எது தாங்கும் எது தாங்காது என்று தீர்மானிப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. நீங்கள் அடிலெய்டில் தீர்மானித்தீர்கள். நான் இந்த வாசலில் தீர்மானித்தேன். மறுபடியும் ஒரு முறை, அவர் நன்மைக்காக, தீர்மானிக்கப் போகிறோம். போதும்.

மாமாவிடம் சொல்லிவிட்டேன். இன்று காலை காப்பிக்குப் பிறகு. முதலிலிருந்து. டிரங்குப் பெட்டியைத் திறந்து சீசாவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அதைத் திருப்பி, உங்கள் கையெழுத்தில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன்.

"குடிச்சியா?"

"குடிச்சேன் மாமா."

"என் அடுக்களையிலயா?"

"ஆமா."

"கொரங்குன்னு சொன்னியே."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து, நின்றபடியே சொன்னார்: "அந்தப் பிள்ள வாசல்ல ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தா. நான் எழுந்து போன்னு சொன்னேன். போவல." அவ்வளவுதான். என்னிடம்தான் அதைச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை. நாளை கமிட்டிக்கு ராஜினாமா எழுதுவாராக இருக்கும். எனக்கு வீட்டுக் கதவு இருக்குமா என்பதும் தெரியாது.

உங்கள் படிப்பு போகும். எழுதும்போதே கை நிற்கிறது. உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் என் வரிகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குளிரில் நிற்கும் ஒருவரையும் எனக்குத் தெரியும். இரண்டையும் ஒரே ஆளாக்கிப் பார்க்க முயல்கிறேன். இன்னும் கலக்கவில்லை.

அவர் கசந்தது என்றாராம். முதல் தடவை எனக்கும் அப்படித்தான். அவரும் என்னைப்போல அண்ணாந்துதான் குடித்திருப்பார். மணம் தெரிந்திருக்காது.

குழல்வாய்மொழி

*

இந்தக் கடிதத்தைக் குற்றாலம் தபாலாபீஸில் போட்டுவிட்டு, அவள் பதினோரு மணி பஸ்ஸில் கடையநல்லூர் போய் ஜைனபைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மத்தியானம் சப்-ஜெயிலில், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, அவர் குடித்தது மருந்து இல்லை என்று யாக்கூபிடம் தானே சொன்னாள். மறுநாள் காலை தென்காசி கோர்ட்டில் பாதி காலியான நான்காம் சீசாவையும், நகல் நாலும் அசல் மூன்றுமாக ஏழு கடிதங்களையும் மேஜைமேல் வைத்தாள். பெயர் கேட்டார்கள். சொன்னாள்.